மேல்வீடும் கீழ்வீடும்

கறுப்புத் திரையின் நடுவே குறுக்காக ஒரு வெள்ளைப் பட்டை. பட்டைக்கு மேலே ஒரு கோப்பு, கீழே இன்னொரு கோப்பு. இரண்டிலும் மனிதர்களுடைய பெயர்கள், வரிக்கு ஒருவராக, ஆங்கிலப் பெரிய எழுத்துகளில். யுத்தம் முடிவதற்கு முந்திய அந்தச் சில வருடங்களை நினைத்தால், சுற்றிவளைப்புகளுக்கும் ஊரடங்குகளுக்கும் முன்னால் எனக்கு இந்தத் திரைதான் நினைவுக்கு வருகிறது. கூடவே, கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றிவிட்டுத் திரைக்கு மிகக் கிட்டவாக முகத்தைக் கொண்டுபோகும் அக்காவும்.

அக்கா என்பது நான் கூப்பிட்ட முறை. அலுவலகத்தில் எல்லோரும் அப்படித்தான் கூப்பிட்டார்கள். அரச அலுவலகம் ஒன்றின் பதிவேட்டு அறையில் தட்டச்சு செய்துகொண்டிருந்தவரைத் தற்காலிகம் என்று சொல்லி எங்களிடம் அனுப்பியிருந்தார்கள். அன்புவழிபுரத்திலிருந்து சைக்கிளில் வருவார். கணவர் கட்டாரில். ஒரே மகன். அப்போது நான் படிப்பு முடித்து ஒழுங்கான வேலை கிடைக்காமல் இருந்த ஆள். கணினி தெரியும் என்பதற்காக என்னையும் அதே தற்காலிகத்தில் சேர்த்துக்கொண்டார்கள்.

எங்களுடையது கப்பல் வேலை. யாழ்ப்பாணத்துக்குப் போகும் தரைப்பாதை திடீரென்று மூடப்பட்டபோது, ஏதோ அலுவலாக இந்தப் பக்கம் வந்த யாழ்ப்பாணத்து ஆட்கள் இங்கேயும், அந்தப் பக்கம் போயிருந்த வெளியூர் ஆட்கள் அங்கேயுமாக அகப்பட்டுக்கொண்டார்கள். கலியாணத்துக்கு வந்தவர்கள், கண் ஒப்பரேசனுக்கு வந்தவர்கள், விசா அலுவலாகக் கொழும்புக்குப் போனவர்கள், பரீட்சை எழுத வந்தவர்கள். சில வாரங்களுக்குப் பிறகு திருகோணமலையிலிருந்து கப்பல் விட்டார்கள். கப்பலில் இடம் குறைவு, காத்திருந்த சனம் ஏராளம். யார் எந்தக் கப்பலில் ஏறுவது என்ற பட்டியலைத் தயாரிக்க, துறைமுக வாசலுக்கு உள்ளே ஒரு பழைய பண்டகசாலையின் மூலையைப் பலகையால் மறைத்து எங்களை இருத்தினார்கள். அக்கா, நான், எங்களுக்குப் பொறுப்பாக ஓய்வுபெற்ற உத்தியோகத்தர் ஒருவர். அவரை நாங்கள் சேர் என்போம்.

நல்ல கணினிகள் எல்லாம் மேலிடத்து அலுவலகங்களுக்குப் போய்விட்டன. எங்களுக்கு வந்தது யாரோ கழித்துவிட்ட ஒன்று. படம் காட்டாது, மவுஸ் கிடையாது, கறுப்புத் திரையும் விசைப்பலகையும் மட்டும். நான் கம்பஸில் பழகிய எடிற்றர் ஒன்று அதில் ஓடியது. எழுதவும் திருத்தவும் மட்டுமே தெரிந்த ஒரு சாமான். ஆனால் எத்தனை கோப்புகளையும் ஒரே நேரத்தில் அதில் திறந்துவைக்கலாம். திரையைப் பிரித்து ஒவ்வொரு பிரிவிலும் ஒவ்வொரு கோப்பைப் பார்க்கலாம். இரண்டு விசைகளைச் சேர்த்து அமத்தினால் ஒன்றிலிருந்து மற்றதற்குத் தாவலாம். எங்களுக்கு வேண்டியிருந்ததும் அதுதான். விண்ணப்பித்துக் காத்திருப்பவர்களின் கோப்பு மேலே இருக்கும். அடுத்த கப்பலில் போகிறவர்களின் கோப்பு கீழே. இராணுவ முகாமிலிருந்து அனுமதி வந்த பெயரை மேலே தேடிப் பிடித்து, அந்த வரியை வெட்டி, கீழே இறங்கி ஒட்டவேண்டும். அவ்வளவுதான் வேலை. காலையிலிருந்து பின்னேரம் வரை அதையேதான் செய்தோம்.

ஒவ்வொரு பிரிவையும் ஜன்னல் என்று நான் சொன்னது அக்காவுக்குப் பிடிக்கவில்லை. ஜன்னலுக்குள்ளே ஆர் தம்பி சனத்தை வைக்கிறது என்று கேட்டார். அவருடைய வாயில் அது மேல்வீடு, கீழ்வீடு என்றாயிற்று. திரையை நெடுக்காகப் பிரித்து முகாம் பட்டியலைத் திறந்தால் அது பக்கத்து வீடு. திறந்திருந்தும் கண்ணுக்குத் தெரியாமல் பின்னால் கிடக்கும் கோப்புகள் எல்லாம் பின்வளவு. எந்த வீட்டில் நிற்கிறோம் என்று பார்க்காமல் கைவைத்தால், போகவேண்டிய ஒருவரின் பெயர் அழிந்துபோகும். அதனால் ஒவ்வொரு வெட்டுக்கும் முன்னால் அவர் மெதுவாக, தனக்குத்தானே, "மேல்வீடு" என்பார். ஒட்டும்போது "கீழ்வீடு" என்பார். மின்சாரம் போய், கணினிக்குக் கீழே இருக்கும் பற்றரி கீச்சிடத் தொடங்கும் நேரத்திலும் அந்த இரண்டு சொற்களையும் சொல்லாமல் அவர் கைவைத்ததில்லை.

இந்தச் சொற்கள் பலகைத் தடுப்பைத் தாண்டி வெளியே போய்விட்டன. கப்பலுக்குக் காத்திருந்தவர்கள் பாடசாலை மண்டபங்களிலும் மலிவான லொட்ஜ்களிலும் கிடந்தார்கள். விடிந்தால் எங்கள் யன்னலடியில் வந்து நிற்பார்கள். கண் ஒப்பரேசனுக்கு வந்த ஒரு முதியவர், கறுப்புக் கண்ணாடியோடு, நாள் தவறாமல் ஒரே கேள்வியைக் கேட்பார்.

"பிள்ளை, நான் கீழ்வீட்டுக்கு வந்திட்டேனோ?"

"இல்லை ஐயா, இன்னும் மேல்வீட்டிலதான் நிக்கிறியள்."

அவர் தலையாட்டிவிட்டு வேலியோரம் போய் இருப்பார். கோபப்படமாட்டார். கோபப்படும் தெம்பு யாரிடமும் இருக்கவில்லை. அவர்கள் போட்ட சோற்றுப் பார்சல் தாள்களைத் தின்ன, ஊருக்குள் திரியும் மான்கள் வந்து அவர்களுக்கு நடுவே நிற்கும். மான்களையும் யாரும் துரத்துவதில்லை.

வேலையில் எங்களை அலுக்கவைத்தது பெயர்களின் எழுத்துத்தான். சிவபாக்கியம் என்ற ஒரு பெயரை ஆங்கிலத்தில் எத்தனை விதமாக எழுதலாம் என்பதை நான் அங்கேதான் படித்தேன். அடையாள அட்டையில் ஒரு விதம், விண்ணப்பத்தில் இன்னொரு விதம், முகாமில் தமிழ் தெரியாத ஒருவர் மறுபடி அடித்து அனுப்பும்போது மூன்றாவது விதம். இந்த எடிற்றரில் ஒரு சாய்கோடு போட்டுப் பெயரை அடித்தால், அந்தப் பெயர் இருக்கும் வரிக்குத் திரை ஓடிப்போய் நிற்கும். ஓர் எழுத்து மாறினாலும் கிடைக்கவில்லை என்று அடியில் ஒரு வரி வரும். ஆள் இருக்கிறார், திரை இல்லை என்கிறது. ஆகவே ஒரு வழி கண்டுபிடித்தோம். பெயரின் முதல் மூன்று நான்கு எழுத்துகளை மட்டும் அடித்துத் தேடுவது, வருகிற வரிகளைக் கண்ணால் பார்த்து ஆளைப் பிடிப்பது. நீளமாக அடிக்க அடிக்க ஆள் கிடைக்காது என்பதை எனக்கு முதலில் சொன்னதே அக்காதான்.

மகனைப் பற்றி அவர் வேலைக்கு வந்த முதல் கிழமையிலேயே சொல்லிவிட்டார். ஆவணி விடுமுறையில் கோயில் திருவிழா பார்க்கவென்று கணவரின் தம்பி குடும்பம் பையனை யாழ்ப்பாணத்துக்குக் கூட்டிப்போனது. அங்கே கணவரின் அக்கா வீடு. மச்சான்மார் மச்சாள்மாரோடு இன்னும் கொஞ்ச நாள் நிற்கப்போகிறேன் என்று அவன் அடம்பிடித்தான். சித்தப்பாவும் சித்தியும் வேலைக்குத் திரும்பவேண்டியிருந்ததால் அவனை மாமியிடம் விட்டுவிட்டு வந்தார்கள். வந்த அதே கிழமை பாதை மூடியது. பத்து வயதுப் பிள்ளையைத் தனியாகக் கப்பலில் ஏற்றமாட்டார்கள். மாமி கால் வருத்தக்காரி, தூரம் போக ஏலாது. அந்தப் பக்கத்திலிருந்து வருகிற, நம்பிக்கையான ஒருவரோடு சேர்த்து அவனுக்கும் அனுமதி எடுக்கவேண்டும். ரெலிபோன் கிடைக்கும் நாட்களில் மாமி, ஒரு ரீச்சர் கொழும்புக்குப் போக எழுதிக் கொடுத்திருக்கிறா, அவவோடு சேர்த்து விடப் பார்க்கிறேன் என்று சொல்லிக்கொண்டிருந்தார். அந்தச் சொல் வாரக்கணக்கில் அப்படியே நின்றது.

கப்பல் அங்கிருந்து திரும்பும்போதும் ஆட்களோடுதான் வரும். யார் யார் ஏறியிருக்கிறார்கள் என்ற பட்டியல், கப்பல் புறப்பட்ட பிறகு ரெலிபோன் லைன் வழியாக எங்களுக்கு வந்து சேரும். எத்தனை பஸ் வேண்டும், எத்தனை பேர் கொழும்புக்கு, எத்தனை பேர் ஊரிலேயே இறங்குகிறவர்கள் என்று பார்ப்பதற்காக. அந்தப் பட்டியல் வெளியே போகக்கூடாது. அது பாதுகாப்பு விஷயம் என்று சொல்லியிருந்தார்கள். ஆகவே ஊரில் இருந்த சனத்துக்கு எந்தக் கப்பலில் தங்களுடைய ஆள் வருகிறார் என்று தெரியாது. ஒவ்வொரு கப்பலுக்கும் ஒரு பாடசாலை வாசலில் வந்து நிற்பார்கள். இறங்குதுறையிலிருந்து பஸ்ஸில் ஏற்றி, அந்தப் பாடசாலை மண்டபத்தில் பதிவு பார்த்து, ஊராட்களை விடுவார்கள். முகங்களைப் பார்த்துக்கொண்டு நின்று, தங்களுடையவர் இல்லையென்றால் திரும்பிப் போய், அடுத்த கப்பலுக்கு மறுபடி வருவார்கள்.

அக்காவுக்கு அப்படி நிற்கவேண்டிய தேவை இருக்கவில்லை. அவரிடம் பட்டியல் இருந்தது. வருகிறவர்களின் கோப்பு வந்ததும் முதல் காரியமாக அதைக் கீழ்வீட்டில் திறப்பார். சாய்கோடு போடுவார். பிறகு மகனின் பெயரை அடிப்பார். மற்ற எவருடைய பெயரையும் நான்கு எழுத்தோடு நிறுத்துகிற அக்கா, மகனின் பெயரை மட்டும் முழுதாக அடிப்பார். தகப்பனின் முதலெழுத்து, ஓர் இடைவெளி, பிறகு அந்த நீளமான பெயர், கடைசி எழுத்து வரை, ஒவ்வொரு விசையாக. நான் ஒருநாள், நாலு எழுத்துப் போதுமே அக்கா என்று சொன்னேன். தெரியும் தம்பி என்றார். அதோடு பேச்சை விட்டுவிட்டார். பிறகு ஒரு மழை நாளில், வேலை இல்லாத நேரம், தானாகவே சொன்னார்: வீட்டிலே அந்தப் பெயரைச் சொல்லிக் கூப்பிட ஆள் இல்லை, இங்கே அடிக்கிறபோதாவது முழுதாக ஒருக்கால் சொன்னமாதிரி இருக்கும். திரை கிடைக்கவில்லை என்று காட்டும். அவர் கோப்பை மூடமாட்டார், பின்வளவுக்கு அனுப்பிவிட்டு அடுத்த வேலையைப் பார்ப்பார். எத்தனையோ கப்பல்கள் அப்படிப் போயின.

தைப்பொங்கல் முடிந்த கையோடு ஒரு கப்பல் வந்தது. வாடைக்காற்றுக் காலம். கடல் கொந்தளிப்பில் முந்திய கப்பல் பிந்திப்போனதால், வருகிற கப்பல் ஆட்களை இறக்கிவிட்டு அன்றைக்கே திரும்பவேண்டும் என்று உத்தரவு வந்தது. காலையிலிருந்து சேர் நின்ற நிலையிலேயே எங்களை அவசரப்படுத்திக்கொண்டிருந்தார். மேல்வீட்டில் காத்திருப்பவர்கள், கீழ்வீட்டில் போகிறவர்கள், பக்கத்து வீட்டில் முகாமின் பட்டியல். மூன்றிலும் ஒரே பெயர் மூன்று விதமாக நின்றது. அந்த நேரத்தில்தான் வருகிறவர்களின் கோப்பும் வந்து விழுந்தது. இரண்டு நாட்களுக்கு முன்னர்தான் மாமி ரெலிபோனில், இந்தக் கப்பலுக்கு இடமில்லை, அடுத்ததுக்குப் பார்ப்போம் என்று சொல்லியிருந்தார். இருந்தாலும் பழக்கம். அக்கா கோப்பைத் திறந்து, சாய்கோடு போட்டு, பெயரை முழுதாக அடித்தார். கிடைக்கவில்லை என்று வந்தது. பின்வளவுக்கு அனுப்பினார்.

கப்பல் வந்தது பண்டகசாலைக்குக் கேட்டது. பஸ்கள் எங்கள் சுவரோரமாகத்தான் போயின. அந்தப் பக்கத்து யன்னல் உயரத்தில் இருந்ததால், நிமிர்ந்து பார்த்தால் பஸ்ஸின் கூரை மட்டும் தெரியும். போகிறவர்களின் பட்டியலை அச்செடுத்துக் கொடுத்து, அந்த முதியவர் கறுப்புக் கண்ணாடியோடு வரிசையில் போனதையும் பார்த்துவிட்டு, மத்தியானச் சோற்றைப் பிரித்தபோது எல்லாம் முடிந்த மாதிரி இருந்தது. வந்தவர்களின் கணக்கை ஒப்படைக்கவேண்டியிருந்ததால் நான் அந்தக் கோப்பைப் பின்வளவிலிருந்து எடுத்து வரி வரியாகப் பார்த்துக்கொண்டு வந்தேன். கொழும்புக்குப் போகும் ஒரு ரீச்சர். அவருக்கு அடுத்த வரியில், அவருடைய பொறுப்பில் ஒரு பிள்ளை. பிள்ளைக்கு முன்னால் எந்த முதலெழுத்தும் இல்லை. பெயர் பாதியிலே நின்றிருந்தது. அந்தப் பக்கத்துப் படிவத்தில் பெயருக்கு விட்டிருந்த கட்டங்கள் அவ்வளவுதான். நீளமான பெயர்கள் எல்லாமே அன்றைக்கு வால் இல்லாமல்தான் வந்திருந்தன. போகவேண்டிய இடம் என்ற நிரலில் திருகோணமலை என்று இருந்தது. கடைசி நேரத்தில் இடம் கிடைத்திருக்கவேண்டும், மாமிக்கு ரெலிபோன் கிடைத்திருக்காது.

நான் அக்காவைக் கூப்பிடவில்லை. திரையை அவர் பக்கம் திருப்பினேன். அவர் கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றிவிட்டுக் குனிந்து பார்த்தார். வாசிக்க அவ்வளவு நேரம் எடுக்கும் வரி இல்லை அது. பிறகு கையைக் கழுவாமல் எழும்பினார். சைக்கிளை எடுக்கப் போனவரை மறித்து என்னுடைய மோட்டார்சைக்கிளில் ஏற்றிக்கொண்டேன். பாடசாலை மண்டபத்தில் கதிரைகளை அடுக்கிக்கொண்டிருந்தார்கள். வாசலில் நின்ற பொலிஸ்காரர், எல்லாரும் போயிட்டினம், கொழும்பு பஸ்ஸும் வெளிக்கிட்டுட்டுது என்றார். ஒரு சின்னப் பையன் என்று அக்கா கேட்டபோது, சின்னப் பிள்ளைகள் கனபேர் வந்தவை என்று சொன்னார். அக்கா என்னிடம் கேட்ட கேள்வி, ரீச்சர் அவனைக் கொழும்புக்குக் கொண்டுபோயிருப்பாவோ என்பதுதான். கொழும்பில் எங்கே என்று தேடுவது? அந்த ரீச்சரின் பெயரும் பாதியாகத்தான் எங்களிடம் இருந்தது. பஸ்கள் பாதுகாப்புத் தொடராகப் போகிறவை, நடுவழியில் யாரும் மறிக்க ஏலாது. வீட்டுக்கு ஒருக்கால் போய்ப் பார்ப்போம் என்று நான் சொன்னேன். வழியில் இரண்டு சோதனைச் சாவடிகள். இரண்டிலும் இறங்கி, அட்டை காட்டி, நடந்து, மறுபடி ஏறினோம். பின்னால் இருந்த அக்கா என்னுடைய சேர்ட்டின் பின்பக்கத்தை இறுக்கிப் பிடித்திருந்தார்.

வீட்டுக் கதவு நாங்கள் எதிர்பார்த்தபடி பூட்டித்தான் கிடந்தது. வாசற்படியில் ஒரு பயணப்பை. அதன் கைபிடியில் ஒரு அட்டை கட்டியிருந்தது. பக்கத்து வீட்டுக் குசினியில் அவன் பிட்டுச் சாப்பிட்டுக்கொண்டிருந்தான். தலைமயிர் ஒட்ட வெட்டியிருந்தது. அக்காவுக்குத் தெரியாத ஒரு சேர்ட் போட்டிருந்தான். கால்கள் நீண்டு, முகம் ஒடுங்கி, கன்னத்தில் வெயில் பட்ட கறுப்பு. ஓட்டோக்காரர் ஒருவர் கொண்டுவந்து இறக்கினவர், காசும் வேண்டாம் எண்டிட்டார் என்று பக்கத்து வீட்டு அன்ரி சொல்லிக்கொண்டிருந்தா. அக்கா குசினி வாசலில் நின்றுவிட்டார். ஓடிப்போய்க் கட்டிப்பிடிப்பார் என்று நான் நினைத்தேன். அவன் நிமிர்ந்து பார்த்துவிட்டு, சாப்பாட்டுக் கோப்பையில் கிடந்த பிட்டை விரலால் கூட்டி ஒதுக்கினான்.

"ரீச்சரிட்ட நான்தான் சொன்னனான், அம்மா துறைமுகத்திலதான் வேலை, இறங்கினவுடன நிப்பா எண்டு. பஸ் வெளிக்கிடும்வரைக்கும் ரீச்சரும் நிண்டவ."

அக்கா அவனுக்குப் பக்கத்தில் நிலத்தில் குந்தினார். சோற்றுக் கை இன்னும் காய்ந்தபடியே இருந்தது.

"உன்ர பேரைத் தேடினனான் அப்பன். பேர் வரேல்லை."

"நான் வந்தனானே," என்றான் அவன்.

அவனுக்கு அதில் கோபம் இருந்ததாகக்கூட எனக்குத் தெரியவில்லை. உள்ளதைச் சொன்னான். எடிற்றரையும் கட்டங்களையும் முதலெழுத்தையும் ஒரு பிள்ளைக்கு எப்படி விளங்கப்படுத்துவது? அன்றைக்கு வாசலில் நின்ற நூற்றுக்கணக்கான சனத்திடம் ஒரு பட்டியலும் இல்லை. ஆனபடியால் அவர்கள் நின்றார்கள், கண்டுகொண்டார்கள். நான் மோட்டார்சைக்கிளைத் தள்ளிக்கொண்டு கொஞ்சத் தூரம் நடந்துபோய்த்தான் ஸ்டார்ட் பண்ணினேன்.

அடுத்த நாள் அக்கா வழமையான நேரத்துக்கு வந்தார். முகத்தில் தூங்காத களைப்பு. தேநீரையும் தொடாமல் சேரின் மேசைக்குப் போய், வருகிறவர்களின் பட்டியலை ஒவ்வொரு கப்பலுக்கும் பாடசாலை வாசலில் வாசிக்கவேண்டும் என்று சொன்னார். சேர் நல்ல மனிதர். வாழ்நாள் முழுவதும் உத்தரவுகளை மடித்து ஃபைலில் வைத்தவர். கண்ணாடியைக் கழற்றித் துடைத்துக்கொண்டே, நடந்தது கேள்விப்பட்டனான் பிள்ளை, ஆனால் அது வெளியில விடுற பட்டியல் இல்லை என்றார்.

"வாற சனம் வெளியிலதானே சேர் வருகுது."

"முகாமில கேட்டால் நான் என்ன சொல்லுறது?"

"நான் வாசிச்சனான் எண்டு சொல்லுங்கோ."

சேர், கப்பல் வருகிற அடுத்த நாளில் தனக்கு வெளியே ஓர் அலுவல் இருப்பதாகச் சொல்லிவிட்டுப் போனார். அந்த நாள் வந்தபோது அக்கா வருகிறவர்களின் கோப்பில் எதையும் தேடவில்லை. மேலிருந்து கீழ்வரை ஒவ்வொரு வரியாக வாசித்தார். பாதியில் நின்ற பெயர்களை ஊகித்து, இது இன்னதாக இருக்கும் தம்பி, அது அப்படியாக இருக்கும் என்று சொல்லச் சொல்ல, நான் அச்செடுத்த தாளில் பேனையால் தமிழில் எழுதினேன். ஒரு பெயருக்கு இரண்டு விதம் இருக்கக்கூடும் என்றால் இரண்டையும் எழுதச் சொன்னார். பிறகு பாடசாலை வாசலுக்குப் போய், ஒரு சீமெந்துக் கட்டையில் ஏறி நின்று வாசித்தார். அவருக்குப் பெரிய குரல் இல்லை. முன்னால் நின்றவர்கள் கேட்டுப் பின்னால் நின்றவர்களுக்குச் சொன்னார்கள். பெயர் வந்தவர்கள் நின்றார்கள். பெயர் வராதவர்களிடம், வராட்டியும் நிண்டு பாத்திட்டுப் போங்கோ, பேர் பிழைச்சிருக்கும் என்று ஒவ்வொரு முறையும் கடைசியில் சொன்னார். அந்த ஒரு வசனத்துக்காகத்தான் அவர் கட்டையில் ஏறினார் என்று எனக்குப் படும்.

வீட்டில் நிலைமை அவ்வளவு சீக்கிரத்தில் சரியாகவில்லை. பையன் பள்ளிக்கூடம் விட்டால் சித்தப்பா வீட்டுக்குப் போய்விடுவான். அக்கா போய்க் கூப்பிட்டால் வருவான், கேட்டதற்குப் பதில் சொல்லுவான், சாப்பிடுவான். மாமி வீட்டில் அப்படி, மாமி வீட்டில் இப்படி என்று மட்டும் தானாகப் பேசுவான். அவன் என்னில் கோபப்பட்டு ரெண்டு அடி அடிச்சாலும் பரவாயில்லை தம்பி என்று அக்கா ஒருநாள் சொன்னார். இரண்டு வீடுகளுக்கு நடுவே கோட்டில் நிற்கிற மாதிரி நிற்கிறான் என்றும் சொன்னார். பிறகு ஒருநாள், பள்ளிக்கூடம் இல்லாத நாள், கப்பலும் வந்தது. வேறு வழியில்லாமல் அவனையும் கூட்டிக்கொண்டு வந்தார். அவன் கட்டைக்குப் பக்கத்தில் நின்று, தாய் வாசித்து முடிக்கும்வரையும் பிறகு பஸ்களிலிருந்து ஆட்கள் இறங்கி முடியும்வரையும் பார்த்துக்கொண்டிருந்தான். ஒரு கிழவிக்கு யாருமே வரவில்லை. அக்கா அவவை இருத்தி, முகவரி கேட்டு, ஓட்டோ பிடித்து அனுப்பினார்.

"அம்மா, எல்லாருக்கும் ஆக்கள் வந்து நிக்கினமோ?"

"இல்லை அப்பன். கனபேருக்கு இல்லை."

அவன் அதை யோசித்துக்கொண்டிருந்தான். அன்று பின்னேரம் சித்தப்பா வீட்டுப் பக்கம் திரும்பாமல் அம்மாவின் சைக்கிளின் பின்னால் ஏறி வீட்டுக்குப் போனான். அடுத்த நாள் அக்கா அதை என்னிடம் சொன்னபோது வேறு ஏதோ ஒரு வேலையைப் பற்றிச் சொல்லுவது போலச் சொல்லிவிட்டு, மேல்வீட்டில் ஒரு பெயரைத் தேடத் தொடங்கினார்.

வாசிப்பு அதிக நாள் நீடிக்கவில்லை. முகாமிலிருந்து ஓர் அதிகாரி வந்து சேரோடு அரைமணித்தியாலம் பேசினார். அவர் போன பிறகு சேர் அக்காவைக் கூப்பிட்டு, உங்கட பழைய இடத்தில ஆள் தேவையாம் பிள்ளை என்றார். அவருடைய குரலில் வெட்கம் இருந்தது. அக்கா பின்வளவில் கிடந்த கோப்புகளை ஒவ்வொன்றாக முன்னால் எடுத்து, பார்த்து, மூடினார். அவர் அவற்றை மூடியதை நான் கண்டது அன்றைக்குத்தான். பிறகு கைப்பையை எடுத்துக்கொண்டு, வாறன் தம்பி, எல்லா வரியையும் பாருங்கோ என்று சொல்லிவிட்டுப் போனார். தரைப்பாதை திறக்கும்வரை நான் தனியாகத்தான் அந்தத் திரையின் முன்னால் இருந்தேன். எல்லா வரியையும் பார்த்தேன். கண் வலிக்கும். மேல்வீடு, கீழ்வீடு என்று எனக்குள்ளே சொல்லிக்கொள்வேன். கேட்க ஆள் இல்லாததால் சத்தமாகவும் சொல்லியிருக்கிறேன்.

இப்போது எனக்குக் கொழும்பில் வேலை. இன்னும் அதே எடிற்றர், அதே கறுப்புத் திரை, ஒரே நேரத்தில் ஏழெட்டுக் கோப்புகள். அவற்றில் இருப்பவை மனிதர்களுடைய பெயர்கள் இல்லை என்பது ஓர் ஆறுதல். போன வருடம் ஒரு சாவீட்டுக்காகத் திருகோணமலைக்கு ரெயினில் போனேன். என்னுடைய பெட்டியில் முன்னுக்கு இருந்த இளைஞன் ஒவ்வொரு ஸ்டேஷனிலும் போனை எடுத்து ஏதோ எழுதி அனுப்பிக்கொண்டிருந்தான். கந்தளாய் தாண்டிய பிறகு பேச்சுக் கொடுத்தபோதுதான் அவன் அக்காவின் மகன் என்று எனக்குத் தெரிந்தது. கொழும்பில் ஒரு வங்கியில் வேலையாம். என்னை அவனுக்கு ஞாபகமில்லை. மோட்டார்சைக்கிளை மட்டும் ஞாபகம் என்றான்.

அம்மாவுக்குத்தான் மெசேஜ் போடுறனான் என்றான். எங்க வந்திட்டன் எண்டு ஒவ்வொரு ஸ்டேஷனும் அறிவிச்சால் அவ ஆறுதலா வெளிக்கிடலாம்தானே. முழங்கால் ஏலாது. நான் ஓட்டோவில வீட்ட வருவன், நீங்கள் வராதேங்கோ எண்டு எத்தனையோ தரம் சொல்லிப்போட்டன். ஓம் ஓம் எண்டுதான் சொல்லுவா.

ரெயின் ஒரு மணித்தியாலத்துக்கு மேலே பிந்திப் போய்ச் சேர்ந்தது. வெயில் ஏறியிருந்தது. மேடையில் அவ்வளவு கூட்டம் இல்லை. அக்கா ஒரு தூணைப் பிடித்தபடி நின்றார். தலை முழுதும் நரைத்திருந்தது. கையில் போன் இருந்தது, ஆனால் அதைப் பார்க்கவில்லை. ரெயின் நிற்பதற்கு முன்னரே முதலாவது பெட்டியின் வாசலிலிருந்து தொடங்கி, இறங்குகிற ஒவ்வொருவராகப் பார்த்துக்கொண்டு வந்தார். அவனுக்கு முன்னால் நான்தான் இறங்கினேன். என்னையும் பார்த்தார். யாரென்று நிதானிக்க நிற்காமல் எனக்குப் பின்னால் பார்த்தார்.

அவன் இறங்கிக் கையைத் தூக்கினான். எவ்வளவு நேரமா நிக்கிறியள் அம்மா என்று கேட்டான்.

"இப்பதான் அப்பன் வந்தனான்," என்றார் அக்கா.

தூணடியில் அவருடைய தண்ணீர்ப் போத்தல் வெறுமையாகக் கிடந்தது.